பாலையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பயணத்தைப் பற்றியவை. கோல குலா கரையிலும் தைப்பிங் ஏரிப் பூங்காவிலும் பறவை பார்த்துப் பழகிய சில குடும்பத்தினர், ஆண்டிறுதி விடுமுறையில் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குப் போகவிருக்கிறார்கள். சதுப்புநிலத்திலும் செம்பனைக் காட்டிலும் கற்ற பழக்கங்களில் எவை பாலையில் உதவும், எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கேள்விகளின் சாரம்.

ஐயா, வணக்கம். தார் பாலைவனத்தில் பறவை பார்க்க எந்த மாதம் ஏற்றது? ஒரு வாரம்தான் கைவசம் இருக்கிறது. எங்கெங்கே போகலாம்?
*– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்*

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நல்ல காலம். நடு ஆசியாவிலிருந்தும் மங்கோலியப் புல்வெளிகளிலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அப்போது தாரில் தங்கியிருக்கும். பகல் வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். விடியற்காலைக் குளிர் மட்டும் கேமரன் மலையை மிஞ்சிவிடும் என்பதால், கம்பளி ஆடையும் கையுறையும் எல்லாருக்கும் வேண்டும். விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று மே மாதத்தில் போக நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். 2016 மே 19 அன்று, நீங்கள் போகவிருக்கும் வழியிலேயே உள்ள பலோடி என்ற ஊரில் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

ஒரு வாரத்தில் ராஜஸ்தான் முழுவதையும் சுற்ற ஆசைப்பட்டால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். டில்லி வழியாக ஜோத்பூர் சென்று, அங்கிருந்து பலோடியை அடுத்த கீச்சன் கிராமம், பிறகு ஜெய்சல்மேர் என்று இரண்டே இடங்களில் தங்குங்கள். கீச்சனில் குளிர்காலம் முழுவதும் டெமாய்செல் நாரைகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைக் குர்ஜா என்பார்கள். இமயத்தைத் தாண்டி வரும் அந்தப் பறவைகளுக்கு, ஊர் மக்கள், குறிப்பாகச் சமணக் குடும்பத்தினர், தினமும் தானியம் இறைக்கும் வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். காலையில் தானியக் களத்தை ஒட்டிய வீடுகளின் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். வெயில் ஏறியபின் நாரைகள் ஊர்க் குளங்களுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும். 2025 ஜூன் மாதம் இவ்விடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு கிராமத்து மக்களின் அன்றாட ஈகையால் இப்படியொரு காட்சி நிலைத்திருப்பதை நான் உலகின் பெரிய அதிசயங்களில் ஒன்றாகவே கருதுகிறேன், ஆகவே அங்கே ஒரு காலைப்பொழுதோடு திரும்பிவிடாமல் இரண்டு காலைகளாவது தங்குங்கள்.

ஜெய்சல்மேரை அடுத்த பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் மணல்மேடு ஒரு பங்கு மட்டுமே. மீதியெல்லாம் சரளைத் தரையும் புதரும் சேவண் என்னும் பாலைப்புல் வளரும் வெளியும்தான். சுற்றுலாப் பயணிகள் ஒட்டகச் சவாரிக்காகக் கூடும் மணல்மேடுகளில் பறவை அதிகம் இராது. புல்வெளியிலும் சரளையிலும்தான் வானம்பாடிகளும் பால்நிறக் கல்குருவிகளும் கல்கௌதாரிகளும் ஹூபாரா என்னும் பெரிய தரைப்பறவைகளும் திரியும், அவற்றை நாடி வல்லூறுகளும் கழுகுகளும் வரும். பூங்காவுக்கு நுழைவு அனுமதி வேண்டும்; எல்லையோரப் பகுதிகள் சிலவற்றுக்கு மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மாவட்ட நிர்வாகத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். டிரோன் கொண்டுபோகாதீர்கள், எல்லைப் பகுதியில் அது பறவைகளுக்கும் தொல்லை, உங்களுக்கும் வழக்கு.

கானமயிலை (Great Indian Bustard) நெருக்கத்தில் படமெடுக்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு தூரம் கிட்டே போகலாம்?
*– செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர், சுங்கை சிப்புட்*

தம்பி, உங்கள் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கானமயிலை நோக்கி ஓரடிகூட நெருங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அது உங்களைக் கடந்து போகும் வழியில் நீங்கள் முன்னதாகவே போய் அமர்ந்திருக்கலாம், அதுவும் பூங்கா ஊழியர் காட்டும் இடத்தில் மட்டும்.

காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையானால் 15 கிலோ வரை எடையும் உள்ள இந்தப் பறவை, இன்று 150க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டிலிருந்து உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. பெண் பறவை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரு முறை கலைத்துவிட்டால் நரியோ காகமோ அந்த முட்டையைக் கொண்டுபோய்விடும், அந்த ஆண்டுக்கு அந்தத் தாய்க்கு வேறு வாய்ப்பு இல்லாமலும் போகலாம். இதற்குமேல் மின்கம்பிகளின் துயரம் இருக்கிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேரெதிரே உள்ள கம்பியை அது தாமதமாகத்தான் காண்கிறது, கண்டபிறகும் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. சூரிய, காற்றாலை மின்சாரத்துக்காக அந்தப் புல்வெளிகளின் குறுக்கே கம்பிகள் பெருகியதால், 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டது. 2024இல் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு, ஆராய்வதற்கு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. கம்பியைக் கண்டு விலகிப் பறக்க முடியாத ஒரு பறவையைப் படத்துக்காகப் பறக்க வைப்பது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

மற்றப் பறவைகளுக்கும் இத்தனை மீட்டர் என்று கணக்குச் சொல்ல முடியாது; தூரத்தை முடிவு செய்வது பறவைதான். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி நிமிர்ந்து நின்றால் உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். உடலைத் தாழ்த்திக்கொண்டு விலகி நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே எல்லை மீறிவிட்டீர்கள். அந்தக் கணமே நின்று, பின்வாங்கி, அது மறுபடி மேயத் தொடங்கும்வரை காத்திருங்கள். மேய்கிற பறவையின் படமே நல்ல படம். ஓடுகிற பறவையின் முதுகுப் படத்தைப் பார்த்தாலே எடுத்தவர் துரத்தியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பாலையில் மறைந்துகொள்ள மரமில்லை. ஜீப்பே உங்கள் மறைவிடம். ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு அதை இறக்க ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள், ஏனென்றால் வானம்பாடியின் கூடும் கல்குருவியின் முட்டையும் சரளையின் நிறத்திலேயே இருக்கும், சக்கரம் ஏறிய பிறகும் நீங்கள் அறியமாட்டீர்கள். ஜீப்பிலிருந்து மனித உருவம் இறங்கியதும், அதுவரை பொருட்படுத்தாமல் இருந்த பறவை எழுந்து போய்விடும். ஆகையால் முக்காலியை அறையிலேயே வைத்துவிட்டு, துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பிச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திப் படமெடுங்கள். பையை வெறுமையாகக் கொண்டுபோய், பயறை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரே இல்லாத இடத்தில் பறவைகள் எப்படி உயிர் வாழ்கின்றன, ஐயா? எங்கள் அப்பாவுடன் நானும் போகிறேன்.
*– படிவம் நான்கு மாணவி, சுங்கை சிப்புட்*

மகளே, இக்கேள்விக்கு விடை தெரிந்தால் எங்கே நின்று படமெடுப்பது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் மிகும்போது அலகைத் திறந்து மூச்சிரைத்தும், தொண்டைத் தோலை வேகமாக அதிரவிட்டும் உடலைக் குளிர்விக்கிறது. அப்படிச் செய்யும்போது உடலிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. ஆகவே பாலைப் பறவை நண்பகலில் அசையாமல் நிழலில் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. கொண்டலாத்தி வானம்பாடி என்று சொல்லத்தக்க ஹூப்பூ வானம்பாடி, அரபுப் பாலையில் கோடை நண்பகலில் முள்வால் பல்லியின் வளைக்குள் புகுந்துகொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெயிலில் ஒதுங்கியிருக்கும் பறவையை நாம் எழுப்பிவிட்டால், சேமித்த நீரை அது அந்தப் பறத்தலில் வீணாகச் செலவழிக்க நேரிடும்.

பூச்சி தின்னும் பறவைக்கும் வேட்டைப் பறவைக்கும் இரையிலிருந்தே பெருமளவு நீர் கிடைத்துவிடும். உலர்ந்த விதை தின்னும் கல்கௌதாரிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அது நாள்தோறும் நீர்நிலைக்கு வந்தாக வேண்டும். காலை வெயில் சற்று ஏறியதும் கூட்டமாக வந்து இறங்கி, சில நொடிகள் குடித்துவிட்டு எழுந்து போய்விடும். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஆண் பறவை மட்டும் இன்னொரு வேலையும் செய்கிறது. நீரில் இறங்கி, வயிற்றைத் தாழ்த்தி, இறகுகளை அசைத்து அசைத்து நனைக்கிறது. அந்த வயிற்று இறகின் நுண்ணிழைகள் உலர்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும். நனைந்ததும் விரிந்து நிமிர்ந்து, இடையிடையே நீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஏறக்குறைய 25 மில்லிலிட்டர் வரை நீரைச் சுமந்துகொண்டு, சில வேளைகளில் 30 கிலோமீட்டர் தொலைவுவரையும் பறந்து போய்க் குஞ்சுகளின் முன்னால் நிற்கும். குஞ்சுகள் அதன் வயிற்றுக்குக் கீழே ஓடிவந்து, ஈர இறகை அலகால் உருவி உறிஞ்சிக் குடிக்கும். மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் 1896இல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மெக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஐயமற நிலைநாட்டினார்கள். எனக்குத் தெரிந்து தந்தைமையின் இவ்வளவு அழகான செயல் பறவை உலகில் வேறு இல்லை.

இப்போது நீங்களும் அப்பாவும் செய்ய வேண்டியது எளிது. கல்கௌதாரி வரும் குட்டைக்கு அது வருமுன்பே போய், வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு வண்டியை நிறுத்தி, கரையை விட்டு நன்றாகத் தள்ளிக் காத்திருங்கள். தண்ணீருக்கும் பறவைக்கும் நடுவே மட்டும் நிற்காதீர்கள். உங்களைக் கண்டு அஞ்சி அது குடிக்காமல் திரும்பினால், அன்றைக்கு அதன் தாகம் தீராது.

துபாயில் வேலை செய்யும் என் தம்பி விலையுயர்ந்த கேமராவில் எடுத்து அனுப்பும் படங்கள் எல்லாம் தண்ணீருக்குள் எடுத்தவை போல் கலங்கியிருக்கின்றன. லென்ஸில் கோளாறா?
*– மளிகைக்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்*

லென்ஸில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அது கானலின் வேலை. சூடேறிய மணலை ஒட்டிய காற்றும் அதற்கு மேலுள்ள காற்றும் வெவ்வேறு வெப்பநிலையில் கலந்து அலைவதால், அவற்றினூடே வரும் ஒளி வளைந்து நெளிகிறது. இடைப்பட்ட காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கலக்கமும் அதிகம். நீண்ட லென்ஸ் பறவையோடு சேர்த்து அந்த நெளிவையும் பெரிதாக்கிக் காட்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அது நீங்காது. சூரியன் எழுந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பதும், தொலைவிலுள்ள பறவையை விட்டுவிடுவதுமே வழி.

பலர் கவனிக்காத ஒன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும் காரின் சன்னலைத் திறந்து படமெடுத்தால், உள்ளிருந்து வெளியேறும் குளிர்க்காற்றும் வெளியே உள்ள சூடான காற்றும் லென்ஸின் முகப்பிலேயே மோதிக் கலக்கும். இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் அணைத்து, எல்லாச் சன்னல்களையும் இறக்கி, உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை பொறுத்திருந்து எடுக்கட்டும். இயந்திர மூடிக்கு மேலாகவும் எடுக்க வேண்டாம். விடியலில் மணலில் படுத்து, பறவையின் கண்மட்டத்தில் எடுக்கும் படம் மிக அழகாக வரும். வெயில் ஏறிய பிறகு அதே கோணம்தான் மிக மோசமானது, ஏனென்றால் கானல் தரையை ஒட்டித்தான் அதிகம்.

இன்னொன்று வெளிச்சம். வெளிர் மணல் நிறைந்த காட்சியைக் கேமரா அளவுக்கு மீறிய ஒளி என்று கருதிப் படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியளவுத் திருத்தத்தை (exposure compensation) முக்கால் முதல் ஒரு படிவரை கூட்டி வைத்து, பறவையின் வெண்ணிற இறகுகள் வெளுத்துப்போகாமல் இருக்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். துபாயிலேயே ராஸ் அல் கோர் சரணாலயத்தில் மறைவுக் கூடங்களிலிருந்து பூநாரைகளைப் பார்க்கலாம். தம்பி அங்கே பழகிக்கொண்டு பிறகு பாலைக்குள் போவது நல்லது.

பறவையின் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டு அழைக்கலாமா?
*– கல்லூரி மாணவர், கோல கங்சார்*

கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதென்று எண்ணி அது மேய்ச்சலையும் நிழலையும் விட்டு வரும். மேலே மாணவிக்குச் சொன்ன நீர்க்கணக்கு இங்கேயும் பொருந்தும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குப் பழகிய கேமராவை மணலிலிருந்து எப்படிக் காப்பது?
*– வாசகி, சுங்கை சிப்புட்*

நமக்கு இங்கே பூஞ்சைதான் கவலை, அங்கே தூசி. வெளியில் லென்ஸை மாற்றவே கூடாது. மணல் படிந்தால் முதலில் காற்றை ஊதும் ரப்பர் குமிழால் ஊதி, பிறகே துணியால் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் மணலே கண்ணாடியைக் கீறும். விடியற்குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியபடியே சிறிது நேரம் விட்டுவிடுங்கள், இல்லையேல் பனிபோல் நீர் படியும். குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும் என்பதால் மாற்று மின்கலத்தைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

புறப்படுவதற்கு முன் இங்கேயே பயிற்சி எடுக்க இடம் உண்டா? நம்மிடம் இருப்பது செம்பனைக் காடுதானே?
*– பயண ஏற்பாட்டாளர், சுங்கை சிப்புட்*

செம்பனைக் காட்டில்தான் நல்ல இடமே இருக்கிறது. ஏறக்குறைய 25 ஆண்டுகளில் முதிர்ந்த மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, சில காலத்துக்கு அந்த நிலம் செம்மண் வெளியாகத் திறந்து கிடக்கும். ஒதுங்க நிழலோ மறைய மரமோ இல்லாத அந்த வெளி, பாலையில் நீங்கள் சந்திக்கப்போகும் அதே சிக்கலைத் தரும். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, டிராக்டர் ஓடாத ஞாயிற்றுக்கிழமை விடியலில் போங்கள். கன்றுகளின் இடையே நெட்டைக்காலி ஓடும். எலியைத் தேடிக் கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். தாரிலும் இதே பருந்தைக் காண்பீர்கள். எல்லாரையும்விட நல்ல ஆசான் ஆள்காட்டி. தரையிலேயே முட்டையிடும் அது, நீங்கள் கூட்டை நெருங்குவதற்கு வெகு முன்பே கத்தத் தொடங்கிவிடும். வெயிலில் அது முட்டையின்மேல் அமராமல் நின்றுகொண்டு நிழல் தருவதையும், அருகில் வாய்க்கால் இருந்தால் வயிற்றை நனைத்துவந்து முட்டையைக் குளிர்விப்பதையும் தொலைவிலிருந்து பார்க்கலாம். அது கத்தாத தூரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டவர்கள் ஜெய்சல்மேரில் யாருக்கும் தொல்லை தரமாட்டார்கள்.

வெண்மணலின் ஒளிக்கும் கானலுக்கும் பழக, ஈப்போவுக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க நிலங்கள் பொருத்தமானவை. 1985இல் ஈய விலை சரிந்தபின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் பலவற்றில் வெள்ளை மணல் இன்னும் பரந்து கிடக்கிறது. விடியலில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் ஒரே கம்பத்தை ஒரே தொலைவிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கானலைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் கண்ணுக்கே தெரியும். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இத்தகைய மணல் தரையில்தான் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஆகவே தரையில் துளைகளைக் கண்டால் அந்தப் பக்கம் மிதிக்காமல் விலகி நடங்கள். குட்டைகளின் விளிம்பு மணல் திடீரென்று சரியக்கூடியது, பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

பயிற்சியில் எடுத்த படங்களை இப்பகுதிக்கு அனுப்பினால் பறவைகளின் பெயரைக் கண்டறிய உதவுகிறேன். படத்தோடு நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுத வேண்டாம்.